கூண்டில் சொன்ன பதிலும் காகிதத்தில் ஏறிய பதிலும்: ஒரு காசோலை வழக்கின் குறுக்கு விசாரணை

இது நான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பில் ஆஜரான ஒரு காசோலை வழக்கு. 2021 நவம்பரில் தாக்கலாகி 2024 மார்ச்சில் தீர்ப்பானது. கட்சிக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், பெயர், நீதிமன்றம் எதையும் குறிப்பிடவில்லை. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் தினமும் கூப்பிடப்படும் நூற்றுக்கணக்கான வழக்குகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இதன் முதல் குறுக்கு விசாரணையில் நான் செய்த தவறு தொழிலில் பல வருடம் இருப்பவர்களுக்கும் நடக்கிறது. அதைப் பற்றி ஜூனியர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதாகத் தெரியவில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

பின்னணி

எங்கள் கட்சிக்காரர் கொங்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் பவர் டேபிள், அதாவது துணி தைக்கும் சிறு பட்டறை, வைத்திருக்கிறார். எட்டு தையல் மெஷின், இரண்டு ஓவர்லாக், சொந்தக்காரர்களோடு சேர்த்து பத்துப் பன்னிரண்டு பேர் வேலை. புகார்தாரர் அதே தெருவில் குடியிருக்கும், நூற்பாலையில் வேலை பார்த்து 2017இல் ஓய்வு பெற்ற பெரியவர். எங்கள் கட்சிக்காரர் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார், வழக்கு நடந்த காலத்திலும் அப்படித்தான்.

புகார் இதுதான்: 10.02.2021 அன்று புகார்தாரர் தன் வீட்டில் வைத்து எதிரிக்கு ஏழரை லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கைக்கடன் கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுக்க எதிரி 2021 செப்டம்பர் தேதியிட்ட காசோலை கொடுத்தார். வங்கியில் போட்டபோது கணக்கில் போதிய பணம் இல்லை என்று திரும்பியது. அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், பணம் வரவில்லை, நவம்பரில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவின் கீழ் புகார் கொடுத்தார்.

எங்கள் கட்சிக்காரர் சொன்னது வேறு. பெரியவர் பதிவு செய்யாத ஏலச்சீட்டு நடத்திவந்தார். 2018 ஆகஸ்டில் ஆரம்பித்த ஐந்து லட்சம் சீட்டு, 25 மாதம். 2019 ஜனவரியில் கட்சிக்காரர் சீட்டை எடுத்தார். எடுத்த சீட்டுக்கு ஈடாக, கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளைக் கொடுத்தார். 2020 மார்ச் வரை தவணை ஒழுங்காகப் போனது. ஊரடங்கு வந்து டேபிள் நின்றதும் கடைசி ஐந்து தவணை தவறிப்போனது. கழிவு போக 92,000 ரூபாய் பாக்கி. அதில் 32,000 ரூபாயை 2020 அக்டோபரிலும் டிசம்பரிலும் கூகுள் பேயில் அனுப்பினார். மீதி 60,000. அதைத் தர முடியாமல் இழுத்தடித்ததில் பேச்சு தடித்தது. அப்புறம்தான் வெற்றுக் காசோலைகளில் ஒன்று ஏழரை லட்சமாக மாறி வங்கிக்குப் போனது.

வழக்குக் கட்டு கைக்கு வந்தபோது

சம்மன் வந்த பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். வக்கீல் நோட்டீஸ் வந்தபோது பதில் கொடுக்கவில்லை. 'தெருக்காரர்தானே, பேசித் தீர்த்துக்கலாம்னு விட்டுட்டேனுங்க' என்றார். இதனால் வந்த நஷ்டம் பெரியது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118, 139 பிரிவுகளின் அனுமானம் (காசோலை கடனைத் தீர்க்கத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வது) எதிரிக்கு எதிராக எழுந்துவிடும். 2010இல் ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் வழக்கில், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதும் அந்த அனுமானத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அனுமானம் உண்டு என்று 2019இல் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கு சொல்கிறது. 'வெற்றுக் காசோலையைத்தான் கொடுத்தேன்' என்று சொல்வது மட்டும் எதிரியைக் காப்பாற்றாது.

எதிரிக்குச் சாதகமாக இருப்பது ஒன்று. அந்த அனுமானத்தை உடைக்க அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதையும் நிரூபிக்க வேண்டாம். தான் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான் என்று நிகழ்தகவின் தராசு சாய்ந்தால் போதும். அதற்குத் தனியாகச் சாட்சி போட வேண்டும் என்றுகூட இல்லை, புகார்தாரரின் வாயிலிருந்தே எடுக்கலாம். ஆகவே வழக்கின் பாரம் முழுவதும் குறுக்கு விசாரணையில்தான் இருந்தது.

கட்டைப் படித்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, நோட்டீஸில் கடன் வாங்கிய காரணம் 'அவசரக் குடும்பத் தேவை', புகாரில் 'தொழில் அபிவிருத்தி', முதல் விசாரணைக்கு (சாட்சியை அவர் தரப்பு வக்கீலே கேட்பது) பதிலாகத் தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்தில் 'தொழிலுக்கும் மகள் படிப்புக்கும்'. இரண்டு, நூற்பாலையில் ஓய்வு பெற்றவருக்கு ஏழரை லட்சம் ரொக்கம் வீட்டில் எப்படி? மூன்று, சீட்டு. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கேள்விகளை எழுதிக்கொண்டு போகவில்லை. 'பாயின்ட் இருக்கு, கூண்டில் ஏறட்டும், பார்த்துக்கலாம்' என்ற தைரியம்.

முதல் குறுக்கு விசாரணை, நவம்பர் 2022

மதியம் மூன்றே கால் மணி. நாற்பது வழக்குக்குமேல் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். நடுவர் ஒரு பெண்மணி, பொறுமையானவர். பெரியவர் வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு, கை கட்டி நின்றார்.

நான் கேட்டது, நினைவிலிருந்து: 'ஐயா, நீங்க உங்க தெருவுல ரொம்ப வருஷமா ஏலச்சீட்டு நடத்துறீங்க, அதுல எதிரியும் ஒரு மெம்பர், அந்தச் சீட்டுக்காகத்தான் இந்தச் செக்கை வாங்கி வச்சீங்க, சரிங்களா?'

அவர் சொன்னது: 'நான் நடத்தறதெல்லாம் இல்லைங்க. சும்மா தெருவுல பத்துப் பதினஞ்சு பேரு சேர்ந்து போட்டுக்குவோம், தம்பியும் போட்டிருந்தாப்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க.'

பின்னால் உட்கார்ந்திருந்த வழக்கறிஞர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். சீட்டு இருந்தது, எதிரி அதில் இருந்தார், இரண்டையும் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று நினைத்தேன். உடனே அடுத்த தாளைத் திருப்பினேன். நடுவர் டைப்பிஸ்டிடம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அடுத்து ஒரு கேள்வி, இன்றும் உறுத்துவது: 'ஏழரை லட்சம் ரொக்கம் உங்களுக்கு ஏது?'

பெரியவர் நிதானமாகச் சொன்னார். கிராமத்தில் மூன்று ஏக்கர் தோட்டம், குத்தகைக்கு விட்டிருக்கிறார். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அவ்வப்போது அனுப்புவான். ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்திலும் கொஞ்சம் மீதி இருந்தது. புகாரிலும் வாக்குமூலத்திலும் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் கேட்டேன், அவர் கொடுத்தார்.

விசாரணை முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் வழக்கம்போல 'பொய் வழக்குப் போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்டு உட்கார்ந்தேன். பெரியவர் சாட்சியத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வராந்தாவில் கட்சிக்காரரிடம், 'நல்லா வந்திருக்கு' என்றேன்.

நகலில் கண்டது

நகல் மனு போட்டு ஒன்பதாவது நாள் சாட்சியத்தின் நகல் வந்தது. சீட்டைப் பற்றி அதில் இருந்தது ஒரே வாக்கியம்:

'நான் ஏலச்சீட்டு நடத்தி வந்ததாகவும் அந்தச் சீட்டுக்காக எதிரியிடம் வழக்குக் காசோலையைப் பெற்றதாகவும் சொன்னால் சரியல்ல.'

பத்துப் பதினைந்து பேர் இல்லை. 'தம்பியும் போட்டிருந்தாப்ல' இல்லை. அதே நேரம், பணம் ஏது என்ற கேள்விக்கு வந்த பதில் ஆறு வரி முழுசாக ஏறியிருந்தது: தோட்டம், குத்தகை, மகன், பி.எஃப்.

வெளியூர் வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கீழமைக் குற்றவியல் நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. ஆனால் கேள்வி, பதில் என்று வார்த்தைக்கு வார்த்தை ஏறுவதில்லை. வக்கீல் பேச்சுத் தமிழில் கேட்பார், சாட்சி பேச்சுத் தமிழில் சொல்வார். நடுவர் இரண்டையும் சேர்த்து, சாட்சி தானே பேசுவது போன்ற ஒரு எழுத்துத் தமிழ் வாக்கியமாக்கி டைப்பிஸ்டுக்குச் சொல்வார். கேள்வி கரைந்து பதிலுக்குள் போய்விடும். குறுக்கு விசாரணை வாக்கியங்கள் பெரும்பாலும் நான்கு விதமாகத்தான் முடியும்: 'என்றால் சரிதான்', 'என்றால் சரியல்ல', 'எனக்குத் தெரியாது', 'ஞாபகமில்லை'. தீர்ப்பு எழுதும்போது நடுவர் பார்ப்பது இந்த வாக்கியங்களைத்தான். பல வழக்குகளில் சாட்சியைப் பார்த்த நடுவரே தீர்ப்பு எழுதுவதில்லை, மாறுதலில் போயிருப்பார். மேல்முறையீட்டில் படிப்பவர்களுக்கோ அந்தக் காகிதத்தைத் தவிர வேறு எதுவுமே கிடையாது.

நடுவர் மேல் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. நான் ஒரே மூச்சில் மூன்று விஷயத்தைக் கோத்துக் கேட்டேன். பதில் 'இல்லை' என்று ஆரம்பித்து 'சம்பந்தம் இல்லை' என்று முடிந்தது. சாராம்சம் மறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டது இயல்பு. பணம் ஏது என்ற கேள்வி திறந்த கேள்வி, அதற்கு வந்த விளக்கத்தைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று அன்று நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆவது பிரிவு சொல்கிறது. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் போய் நின்று கேட்டிருந்தால் அங்கேயே திருத்தம் கேட்டிருக்கலாம். நான் அப்போது கட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யலாம் என்று யோசித்தது

ஜூனியரோடு இரண்டு நாள் இதையே பேசினேன். முதல் வழி, சாட்சியத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றிச் சீட்டுக் கதையைச் சொல்ல வைப்பது. அவர் நேர்மையான மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார். அவர் வார்த்தைக்கு எதிராகப் பெரியவர் வார்த்தை என்று நின்றால், தராசு அனுமானத்தின் பக்கம்தான் சாயும்.

இரண்டாவது வழி, அதே சட்டத்தின் 311ஆவது பிரிவின் கீழ் (இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., 348) சாட்சியை மீண்டும் அழைப்பது. 'முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை' என்பது அதற்குக் காரணம் ஆகாது. ஓட்டை அடைக்க வருகிறார்கள் என்று சரியாகவே தள்ளுபடி செய்வார்கள்.

அந்த நேரத்தில் கட்சிக்காரரின் மனைவி ஒரு பையோடு அலுவலகம் வந்தார். உள்ளே நீள வாக்கில் மடித்த, ரப்பர் பேண்ட் போட்ட சின்ன நோட்டு. சீட்டு நோட்டு. மாதம் மாதம் தவணை வாங்கிக்கொண்டு பெரியவர் தன் கையால் தேதி, தொகை எழுதிச் சுருக்கொப்பம் போட்டது, இருபது வரி. 2019 ஜனவரி வரியின் ஓரத்தில் 'சீட்டு எடுத்தது, செக் 2' என்று இருந்தது. இவ்வளவு நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். பதிவில்லாத சீட்டில் சேர்ந்தது தெரிந்தால் தன் மேலும் வழக்கு வரும் என்று பயந்து கட்சிக்காரர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் குறி வைப்பது பதிவில்லாமல் சீட்டு நடத்துபவரை. முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லி அவர் பயத்தைப் போக்கியிருக்க வேண்டியது நான். நான் கேட்டது 'ஆதாரம் ஏதாவது இருக்கா?' என்று மட்டும்தான்.

வங்கிக் கணக்கு அறிக்கையும் அதே வாரம் வந்தது. வழக்குக் காசோலையின் கடைசி மூன்று எண் 417 என்று வைத்துக்கொள்வோம். அதே புத்தகத்தின் 415, 416 இரண்டும் 2019 ஜனவரியில் பணமாகியிருந்தன. 419 பிப்ரவரியில். நடுவில் 417, 418 மட்டும் காணோம். 2021 செப்டம்பரில் கொடுத்ததாகச் சொல்லும் காசோலை, இரண்டரை வருடத்துக்கு முன்பு தீர்ந்துபோன புத்தகத்தின் நடுத்தாள். கூகுள் பே தொகைகளும் அறிக்கையில் இருந்தன.

இந்த இரண்டு ஆவணம் தொடர்பாக மட்டும் கேட்க அனுமதி வேண்டும் என்று மனுவைச் சுருக்கமாகப் போட்டோம். எல்லைக்குள்ளேயே நிற்போம் என்று மனுவிலேயே எழுதினோம். எதிர்ப்பு பலமாக இருந்தது. நடுவர் 2,000 ரூபாய் செலவுத்தொகையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கட்டச் சொல்லி, ஆவணங்கள் அளவில் அனுமதித்தார்.

கேள்விகளை எழுதிய விதம்

இந்த முறை தலைகீழாக ஆரம்பித்தோம். சாட்சியத்தில் எந்த வாக்கியம் ஏற வேண்டும் என்று முதலில் எழுதினோம். அப்புறம் அந்த வாக்கியம் பிறக்கும்படி கேள்வியை எழுதினோம். உதாரணமாக, ஏற வேண்டிய வாக்கியம்: '02.10.2020 அன்று எதிரி என் வங்கிக் கணக்கில் 15,000 ரூபாய் செலுத்தினார் என்றால் சரிதான்.' கேள்வி: '02.10.2020ல எதிரி உங்க பேங்க் கணக்குல 15,000 ரூபாய் போட்டார், சரிங்களா?' ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். 'எதற்காகப் போட்டார்' என்று கேட்கக் கூடாது என்று ஜூனியர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தார். எதற்காக என்று கேட்டால் பெரியவர் ஏதாவது ஒரு காரணம் சொல்வார், அதுவும் வாக்கியமாக ஏறிவிடும். காரணம் இல்லாமல் நிற்கும் தொகையை வாதத்தில் நாங்கள் விளக்கிக்கொள்வோம்.

மொத்தம் பதினான்கு கேள்விகள். சீட்டு என்ற சொல் ஒன்பதாவது கேள்வி வரை வராது. ஒப்புக்கொள்ளத் தயங்காதவற்றை முதலில் வைத்தோம்: எத்தனை வருடமாக அந்தத் தெரு, எதிரியின் குடும்பத்தைத் தெரியும், வங்கிக் கணக்கு எண் அவருடையது. 'சரிதான்' என்று சொல்லிப் பழகிய வாய் நோட்டைப் பார்த்ததும் திடீரென்று மாறினால், அந்த மாற்றமே நடுவருக்குத் தெரியும்.

ஒரு மாலை முழுக்க ஜூனியர் சாட்சியாக நிற்க, குமாஸ்தா நடுவராக இருந்து பதிலை வாக்கியமாக்கினார். அவர் முப்பது வருடம் நகல்கள் படித்தவர். 'சார், இந்தக் கேள்விக்கு அவர் இழுத்துப் பேசினா நான் "சரியல்ல"ன்னுதான் போடுவேன்' என்று இரண்டு இடத்தில் நிறுத்தினார். இரண்டையும் உடைத்து நான்காக்கினோம். அந்த மாலை இல்லாவிட்டால் இந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது முறை, ஏப்ரல் 2023

முதல் எட்டுக் கேள்வியும் 'சரிதான்' என்று வந்தன. ஒவ்வொன்றும் டைப் ஆகி முடியும் வரை நான் வாய் திறக்கவில்லை. விசைப்பலகைச் சத்தம் நின்ற பிறகே அடுத்தது. அப்படிக் காத்திருப்பது எனக்குப் பெரிய சிரமமாக இருந்தது, அந்த மௌனத்தை ஏதாவது சொல்லி நிரப்பத் தோன்றும்.

ஒன்பதாவது கேள்விக்கு முன்னால் நோட்டை முதலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, நடுவரின் அனுமதியோடு சாட்சியிடம் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு செயலில் அந்த நோட்டோடு அவருக்கு இருந்த பழக்கம் தெரிந்தது.

'இதுல இருக்கிற எழுத்து உங்களோடது, சரிங்களா?'

'என்னோடது மாதிரி இருக்குதுங்க.'

'என்னுடைய எழுத்து போல் உள்ளது' என்று ஏறியது. அங்கே நெருக்கியிருந்தால் 'ஆனா நான் எழுதலை' என்று வந்திருக்கும். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

'ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல போட்டிருக்கிற சுருக்கொப்பம் உங்களோடது, சரிங்களா?'

கொஞ்ச நேரம் பார்த்தார். 'ஆமாங்க.' ஏறியது.

'2019 ஜனவரி வரியில "செக் 2"ன்னு எழுதியிருக்கு, சரிங்களா?'

இதற்கு 'எழுதியிருக்கு' என்ற அளவில்தான் பதிலை எதிர்பார்த்தேன். அவரே மேலே போனார்: 'ஆமாங்க, ரெண்டு செக்கு வாங்கினேன். ஆனா சீட்டு முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துட்டேனுங்க.'

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது: எப்போது கொடுத்தீர்கள், யார் முன்னால் கொடுத்தீர்கள், ஏன் வாக்குமூலத்தில் சொல்லவில்லை? ஜூனியர் கவுனைப் பிடித்து இழுத்தார். கேட்கவில்லை. அதற்குப் பதில் நடுவரிடம் சொன்னேன்: 'அம்மா, இந்தக் கேள்வியையும் பதிலையும் சாட்சி சொன்ன வார்த்தையிலேயே பதிவு பண்ணும்படி கேட்டுக்கிறேன்.' எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். நடுவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, கேள்வி என்றும் பதில் என்றும் தனித்தனியாகச் சொன்னார். திரையில் ஏறியதை ஜூனியர் எட்டிப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

அதன் பிறகு காசோலை எண்கள், கூகுள் பே. கடைசியாக எங்கள் தரப்புக் கதையை ஒவ்வொரு வாக்கியமாக அவர் முன் வைத்தோம்: சீட்டுக்கு ஈடாகத்தான் வெற்றுக் காசோலை, பாக்கி 60,000 மட்டும், ஏழரை லட்சம் கொடுக்கவில்லை. 'சரியல்ல' என்றுதான் வரும் என்று தெரியும். இருந்தாலும் எதிரே நிற்பவரிடம் நம் கதையைச் சொல்லிப் பதில் பெறாமல், வாதத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னால் எடுபடாது. பிரவுன் எதிர் டன் என்ற 1893ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தீர்ப்பின் விதி இது. நம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றிருக்கிறது. முதல் தடவை 'பொய் வழக்கு' என்ற ஒற்றை வரியோடு நான் உட்கார்ந்தது இந்த வகையிலும் தப்பு.

மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

மறுவிசாரணையும் அதற்கு மேலும்

குறுக்கு விசாரணைக்குப் பிறகு சாட்சியின் தரப்பே கேட்கும் மறுவிசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'நீங்கள் திருப்பிக் கொடுத்தது வேறு இரண்டு காசோலைகள்தானே?' என்று கேட்டார். பதிலைத் தானே எடுத்துக் கொடுக்கும் லீடிங் கேள்வி என்று ஆட்சேபித்தேன், நடுவர் ஏற்றார். 'எந்தக் காசோலைகளைத் திருப்பிக் கொடுத்தீர்கள்?' என்று மாற்றிக் கேட்டார். பெரியவர் 'எண் ஞாபகமில்லை' என்றார்.

313 விசாரணையில் (சாட்சியத்தைப் பற்றி நடுவர் எதிரியிடமே விளக்கம் கேட்கும் கட்டம்) கட்சிக்காரர் எழுத்துமூலம் பதில் கொடுத்தார். 60,000 பாக்கி இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொள்ளலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. ஜூனியருக்கு உடன்பாடில்லை, கடன் இருந்தது என்று நாமே சொல்வதாகும் என்றார். நான் எழுதச் சொன்னேன். உண்மை அதுதான். தவிர, முழுசாக மறுப்பவனைவிட, கொடுக்க வேண்டியதைக் கணக்கோடு சொல்பவனைத்தான் நான் நடுவராக இருந்தால் நம்புவேன். காசோலைத் தொகைக்கும் உண்மையான பாக்கிக்கும் பொருத்தம் இல்லாதபோது 138 நிற்காது என்று வாதிட, 2022இல் வந்த தசரத்பாய் எதிர் ஹிதேஷ் படேல் தீர்ப்பும் கையில் இருந்தது.

கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றவில்லை. வங்கி அதிகாரி ஒருவரை மட்டும் அழைத்துச் சான்றளித்த அறிக்கையை வழக்கின் ஆவணமாகக் குறியீடு செய்தோம்.

தீர்ப்பு, மார்ச் 2024

விடுதலை. முழுத் தீர்ப்பும் பதினேழு பக்கம். கேள்வி, பதிலாக ஏறிய அந்த இடத்தை நடுவர் அப்படியே எடுத்து எழுதியிருந்தார். இரண்டு காசோலை வாங்கியதும் திருப்பிக் கொடுத்ததும் புகாரிலோ வாக்குமூலத்திலோ இல்லை, எண் சொல்ல முடியவில்லை, 417 எந்தக் காலத்துப் புத்தகம் என்று வங்கி ஆவணம் காட்டுகிறது, ஆகவே எதிரி சொல்வது நடந்திருக்கக்கூடியது என்பது முடிவு.

மற்ற இரண்டு விஷயங்களில் தோற்றோம். பொருளாதார வசதி பற்றி நடுவர் சொன்னது: குறுக்கு விசாரணையில் சாட்சி தோட்டம், மகன், சேமிப்பு என்று விளக்கியிருக்கிறார், அதை மறுத்து எதுவும் காட்டப்படவில்லை. அந்த ஆறு வரி என் கேள்வியால் வந்தது. 2019இல் பசலிங்கப்பா எதிர் முடிபசப்பா வழக்கில் புகார்தாரரின் வசதி கேள்விக்குள்ளாகி எதிரி விடுதலையானார். என் வாதக் குறிப்பில் இரண்டு பக்கம் அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான். அதைப் பயன்படுத்தும் வழியை நானே அடைத்திருந்தேன்.

கடன் வாங்கிய காரணம் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பதற்கு ஒரே வரி: அந்தப் பகுதிகள் சாட்சியிடம் காட்டிக் கேட்கப்படவில்லை, எனவே கருத்தில் கொள்ள இயலாது. சாட்சியச் சட்டம் 145 (இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதாவது பி.எஸ்.ஏ., 148) சொல்வது அதைத்தான். முன்பு எழுதியதை வைத்து முரண்பாடு காட்ட வேண்டுமென்றால், அந்த வரியைச் சாட்சியின் கண்ணுக்கு முன்னால் வைத்துக் கேட்டாக வேண்டும். முதல் தடவை நான் அதை வாய்வழியாகப் பொத்தாம்பொதுவாகக் கேட்டிருந்தேன். இரண்டாவது தடவை அது அனுமதியின் எல்லைக்கு வெளியே இருந்தது.

அதன் பிறகு

பெரியவர் மேல்முறையீடு செய்யவில்லை. தீர்ப்பு வந்த இரண்டாவது மாதம் கட்சிக்காரர் 60,000 ரூபாயை ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் கொடுத்தார். 313இல் எழுதிக் கொடுத்த வார்த்தை அது, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பெரியவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து கொடுத்தாராம். 418. ஓரம் பழுத்துப்போன, கையெழுத்து மட்டும் போட்ட காசோலை.

கட்சிக்காரர் இரண்டரை வருடத்தில் 31 வாய்தா நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டேபிளில் அரை நாள் வேலை போனது. அதில் ஐந்து மாதம் நான் ஒரு தடவையில் முடிக்க வேண்டியதை இரண்டாவது தடவை செய்ததற்குப் போனது.

மாற்றிக்கொண்டவை

காசோலை வழக்கில் முதல் சந்திப்பிலேயே 'சீட்டா, வட்டியா, ஈடா, எதுவாக இருந்தாலும் சொல்லுங்க, உங்க மேல கேஸ் வராது, வரும்னா அதையும் சொல்றேன்' என்று ஆரம்பிக்கிறேன். நோட்டீஸ் நிலையிலேயே வந்தால் பதில் நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதில்லை. புகார்தாரருக்கு வசதியில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். புகார்தாரர் தன் வசதியை ஆரம்பத்திலேயே நிரூபிக்க வேண்டியதில்லை, பதில் நோட்டீஸில் அந்தக் கேள்வி எழுந்திருந்தால் நிலைமை வேறு என்று 2022இல் தேதி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதில் நோட்டீஸில் போட்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் 'ஏது?' என்று கேட்கத் தேவையே இல்லை. 'வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை', 'பாஸ் புத்தகம் தாக்கல் செய்யவில்லை' என்ற இரண்டு வாக்கியம் போதும்.

முரண்பாடு காட்டும் வரிகளை இப்போது கட்டிலேயே பென்சிலால் கோடிட்டு, பக்க எண்ணோடு சாட்சியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். நேரம் எடுக்கும், நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஒரு விஷயத்தில் இன்னும் எனக்குத் தெளிவில்லை. 'திருப்பிக் கொடுத்துட்டேன்' என்றவரிடம் 418 இருந்தது. அன்று நான் 'எப்போது கொடுத்தீர்கள்' என்று கேட்டிருந்தால் அந்தப் பொய் அங்கேயே உடைந்திருக்குமா, அல்லது நம்பும்படியாக ஒரு நாளும் இரண்டு சாட்சிகளும் வந்திருக்குமா? ஜூனியர் இன்றும் கேட்காதது சரி என்கிறார். நான் பாதி நாள் அவர் பக்கம், பாதி நாள் இல்லை.

குறுக்கு விசாரணை நாட்களில் ஜூனியர் இப்போது என் பின்னால் உட்காருவதில்லை. டைப்பிஸ்டின் திரை தெரியும் இடமாகப் பார்த்து, பெஞ்ச் கிளார்க் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் தலையசைத்த பிறகுதான் நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.